காலமறிதல்

சங்கரன்கோவில் பக்கம், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது எங்கள் ராயகிரி. இருபது ஆண்டுகளாகக் கல்லூரியில் தமிழ் நடத்துகிறேன். திருக்குறளில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் ஆகியவை 48, 49, 50ஆம் அதிகாரங்களாக அடுத்தடுத்து வரும். அரசனுக்குச் சொன்னவை என்றே அவற்றை மாணவர்க்கு விளக்கி வந்தேன். 2022இல் அவை என் வீட்டுக்குள் வந்தன.

தங்கை மகளுக்கு அப்போது வயது பத்தொன்பது. வலது கண்ணை அசைத்தால் வலிக்கிறது என்றாள். மறுநாள், "முற்றத்தில் காயும் மிளகாய் வற்றல் ஒரு கண்ணுக்குச் சிவப்பாகவும் மறு கண்ணுக்குச் சாம்பலாகவும் தெரியுது மாமா" என்றாள். தேர்வுக்குக் கண்விழித்துப் படித்த அசதி, நாலு நாள் கைப்பேசியைத் தொடாதே என்று அறிவுரை சொன்னவன் நான்தான். அந்த நாலு நாளில் வலக்கண் ஏறத்தாழ இருண்டுவிட்டது.

மதுரைக்குக் கொண்டு சென்றோம். பார்வை நரம்பு அழற்சி என்றார்கள். மெத்தில்பிரட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டு மருந்தை நாளொன்றுக்கு ஒரு கிராம் வீதம் நரம்பு வழியே ஏற்றினார்கள். இந்நோய் கண்டவர்களில் பெரும்பாலோர்க்குப் பார்வை தானாகவே திரும்பிவிடும். அமெரிக்காவில் 457 பேரிடம் நடந்து 1992இல் வெளியான ஆய்வு, ஊசி மருந்து தேறுதலை விரைவுபடுத்துமே அன்றி இறுதிப் பார்வையைப் பெரிதாக மாற்றாது என்று காட்டிற்று. இதைக் கேட்டு நாங்கள் ஆறுதலடைந்தோம். ஆனால் ஐந்து ஊசிகள் முடிந்தும் அவளால் முகத்துக்கெதிரே காட்டிய விரல்களை எண்ண முடியவில்லை.

ஒன்பதாம் நாள் இளம் மருத்துவர் ஒருவர் எங்களை அழைத்துப் பேசினார். எல்லா அழற்சியும் ஒன்றல்ல. சிலருக்கு உடலே அக்வாபோரின்-4 என்ற புரதத்துக்கு எதிராக எதிர்ப்பொருளை உண்டாக்கிக்கொள்கிறது. 2004, 2005ஆம் ஆண்டுகளில்தான் இது தெரியவந்தது. எம்.ஆர்.ஐ. படத்தில் வீக்கம் நரம்பின் நெடுந்தொலைவுக்குப் பரவியிருப்பதால் இந்த வகையோ என்று ஐயம். குருதிச் சோதனை முடிவு வரச் சில நாட்களாகும். அதற்குக் காத்திராமல் பிளாஸ்மா பரிமாற்றம் தொடங்கலாம் என்றார். கழுத்து நரம்பில் குழாய் வைத்து, குருதியின் நீர்ப்பகுதியை எதிர்ப்பொருள்களோடு அகற்றி, அதற்கீடாக அல்புமின் செலுத்துவார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள், ஐந்து முறை. இரத்த அழுத்தம் சரியலாம், கிருமித் தொற்று வரலாம், கால்சியம் குறைந்து உதடு மரத்துப்போகலாம்.

தங்கை கணவர் தயங்கினார். "தானாவே சரியாகும்னு இவங்கதானே சொன்னாங்க மச்சான்? கழுத்துல குழாய் போடணுமா? ரிசல்ட் வரட்டுமே." அவர் கேட்டதில் பிழையில்லை. எல்லார்க்கும் வேண்டாத ஒன்றை இவளுக்கு மட்டும் ஏன் என்பதுதான் கேள்வி. சோதனை முடிவு எதிர்மறையாக வந்தால்கூட, ஸ்டீராய்டுக்கு அசையாத கடும் இழப்பு என்ற ஒன்றே பரிமாற்றத்துக்குப் போதிய காரணம் என்றார் மருத்துவர். இந்நோய்த் தாக்குதல்களைப் பற்றிப் பிரெஞ்சு மருத்துவர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வொன்றையும் சொன்னார். தாக்குதல் தொடங்கிய அன்றே பரிமாற்றம் செய்தால் முழுமையாகத் தேறும் வாய்ப்பு 50 விழுக்காடு. இருபது நாள் கடந்தால் ஒன்று முதல் ஐந்து விழுக்காடுதான்.

நான் விரல்விட்டு நாட்களை எண்ணினேன். ஒன்பதில் நான்கு என் கணக்கில் போனவை. மாப்பிள்ளையிடம் அதைச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் கையொப்பமிட்டார்.

மூன்றாம் பரிமாற்றம் முடிந்த மாலை, சன்னல் கம்பிகள் தெரிகின்றன என்றாள். மறுநாள் சோதனை முடிவு வந்தது: மருத்துவர் ஐயுற்றதே. இப்போது அவளால் அந்தக் கண்ணாலும் பெரிய எழுத்துகளைப் படிக்க முடிகிறது. சிவப்பு இன்னும் வெளிறியே தெரிகிறது. நோய் மீளாதிருக்க ஆறு மாதத்திற்கொருமுறை ரிட்டுக்ஸிமாப் ஏற்றிக்கொள்கிறாள்.

அந்த நான்கு நாட்களை நான் வீணாக்காதிருந்தால் சிவப்பும் திரும்பியிருக்குமா? அவள் ஒருநாளும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. ஆண்டுதோறும் 49ஆம் அதிகாரத்துக்கு வரும்போது நான் கேட்டுக்கொள்கிறேன். உரிய காலத்துக்குக் காத்திருத்தலைப் பற்றித்தான் முன்பெல்லாம் அதிகம் பேசுவேன். இப்போது, காத்திருக்கக் கூடாத காலமும் உண்டு என்பதைச் சேர்த்துச் சொல்கிறேன்.