கோல்ப் மைதானமும் எனது கால்களும்

கோல்ப் விளையாட்டைப் பற்றி எழுதுவதற்கு எனக்கு எந்தத் தகுதியும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முப்பது வருடகாலப் பத்திரிகைத் தொழிலில் அவ்விளையாட்டுடன் எனக்கிருந்த தொடர்பு இரண்டே இரண்டுதான். ஒன்று, செய்தி நிறுவனங்கள் அனுப்பும் முடிவுகளை நள்ளிரவில் மொழிபெயர்த்து விளையாட்டுப் பக்கத்தின் அடியில் போட்டது. மற்றது, களனிவெளி ரயிலின் ஜன்னல். பொரளைப் பக்கத்தில் அந்த ரயில் பாதை 1879 இல் தோன்றிய றோயல் கொழும்பு கோல்ப் கழகத்தின் மைதானத்தை ஊடறுத்துச் செல்கிறது. ரயில் போகும்வரை தடியை ஊன்றியபடி காத்து நிற்கும் கனவான்களை நெரிசலுக்குள் தொங்கிக்கொண்டு பார்த்திருக்கிறேன். அவர்களது கால்களைப் பார்க்க ஒருபோதும் தோன்றியதில்லை.

சில வருடங்களுக்கு முன்னர் பேராதனையில் என்னோடு கலைப்பீடத்தில் படித்த நண்பன் ஒருவன் ரொறன்ரோவிலிருந்து விடுமுறையில் வந்தான். அங்கே கோடைகாலத்தில் கோல்ப் ஆடிப் பழகியவன். நுவரெலியாவுக்குப் போகவேண்டும், ஒருநாளாவது ஆடவேண்டும் என்று பிடிவாதமாக நின்றான். "மச்சான், நீ போட்டிக்கே வாறாய்? சும்மா என்னோடை நடந்து வா, ஆசைக்கு நாலு அடி அடி" என்றான்.

என்ன சப்பாத்துப் போடுவது என்ற கேள்வி அப்போதுதான் எழுந்தது. அலுவலகத்துக்குப் போடும் தோல் சப்பாத்தின் அடி வழவழப்பானது. ஈரப் புல்லில் நிற்காது. வைத்தியர் காலையில் நடக்கச் சொன்னதற்காக வாங்கிய ஓட்டச் சப்பாத்து ஒன்று இருந்தது. அதை நண்பனே வேண்டாம் என்றான். அவன் சொன்ன காரணம் நியாயமானது. ஓட்டச் சப்பாத்து முன்னோக்கிப் போவதற்காகச் செய்யப்பட்டது. அதன் அடி உயரமாகவும் மெதுமையாகவும் இருக்கும். கோல்ப்பில் தடியை வீசும்போது உடலின் பாரம் முதலில் வலது காலுக்குப் போய், பிறகு இடது காலுக்கு மாறி, முடிவில் இடது பாதத்தின் வெளி விளிம்பில் வந்து நிற்கும். அந்தப் பக்கவாட்டு இழுப்புக்கு மெத்தென்ற அடி வளைந்து கொடுத்துவிடும். அதுமட்டுமன்றி, வலை போன்ற அதன் மேற்துணி பனி விழுந்த புல்லில் பத்து நிமிடத்தில் ஊறிவிடும்.

எனது மைத்துனரிடம் பழைய கோல்ப் சப்பாத்து ஒரு சோடி இருந்தது. தோட்டத்துரைமார் காலத்துச் சாமான். அடியில் இரும்பு ஆணிகள். சீமெந்து நிலத்தில் நடந்தால் குதிரை வருவது போலச் சத்தம் கேட்கும். நண்பன் பார்த்துச் சிரித்தான். குழியைச் சுற்றியுள்ள மென்புற்றரையை இரும்பு ஆணி கிழித்துவிடும் என்பதால் 1990களிலிருந்தே பெரும்பாலான கழகங்கள் அதனைத் தடைசெய்து, பிளாஸ்ரிக் ஆணிகளுக்கு மாறிவிட்டன. (ஆணி கீறிய தடத்தைச் சரிசெய்துவிட்டுப் பந்தை உருட்டலாம் என்று விதி மாறியது 2019 இல்தான். அதுவரை, முன்னே போனவன் செய்த கீறலில் பின்னே வருபவனின் பந்து விலகினால் அது அவன் தலைவிதி.) இப்போதோ ஆணியே இல்லாமல், அடியில் சிறு இறப்பர் முளைகள் மட்டும் கொண்ட சப்பாத்துகள் வந்துவிட்டன. 2010 இல் அமெரிக்காவின் மாஸ்ரர்ஸ் போட்டியில் 50 வயதான பிரட் கப்பிள்ஸ் அப்படியானதொன்றைக் காலுறைகூட இல்லாமல் போட்டுக்கொண்டு ஆடி, முதல் நாளில் முன்னிலை பெற்றார். அதன்பிறகு அவற்றுக்குப் பெரும் கிராக்கி ஏற்பட்டது. என்னைப் போல எப்போதாவது ஆடுபவனுக்கு அதுவே போதும்; வீட்டிலிருந்தே போட்டுக்கொண்டு போகலாம்.

நண்பன் அவ்வகையில் இரண்டு சோடி கொண்டுவந்திருந்தான். ஒன்றை எனக்குத் தந்தான். போட்டுப் பார்த்தேன். சற்று இறுக்கம். "அளவாய் இருக்கோ?" என்று கேட்டான். இருக்கிறது என்றேன். இரவல் பொருளில் குறை சொல்லக் கூச்சப்படும் வளர்ப்பு நம்முடையது.

நுவரெலியா கோல்ப் கழகம் 1889 இல் தொடங்கப்பட்டது. கடல் மட்டத்திலிருந்து ஆறாயிரம் அடிக்கு மேலே, ஏற்ற இறக்கமான மைதானம். காலை ஏழு மணிக்கு மூடுபனி மரங்களின் இடுப்பளவில் நின்றது. பையைத் தூக்கிவர வந்தவர் அறுபது வயதைத் தாண்டியவர். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். அவரது காலில் யாரோ ஆட்டக்காரர் விட்டுச்சென்ற வெள்ளைக் கன்வஸ் சப்பாத்து.

எனது ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல எதுவுமில்லை. பந்தைவிட மண்ணே அதிகம் பறந்தது. ஐந்தாவது குழிக்குப் போகும் வழியில் அந்தப் பெரியவர் நின்று எனது காலையே பார்த்தார்.

"ஐயா, சப்பாத்தக் கழட்டிப் பாருங்க."

"ஏன் அண்ணன்? ஒன்றும் நோகவில்லையே" என்றேன்.

"நோகாட்டியும் பாருங்க."

கழற்றினேன். குதிகாலில் காலுறை சிவந்திருந்தது. சுண்டுவிரலின் பக்கத்திலும் தோல் உரிந்திருந்தது. எனக்கு எதுவுமே தெரியவில்லை. பதினொரு வருடமாக நீரிழிவு இருப்பவன் நான். பாதத்தில் உணர்ச்சி குறைந்து வருவதாக வைத்தியர் சொல்லியிருந்தார். அதை எழுத்தில் படிப்பது வேறு, இரத்தத்தைக் கண்டபிறகும் வலி வராமல் இருப்பது வேறு.

"சீனி வருத்தமா ஐயா? எங்க அண்ணனுக்கு இப்புடித்தான் செருப்புக் கடிச்சிச்சு. ரெண்டு வெரல எடுத்துட்டாங்க" என்றார்.

நண்பனின் முகம் வெளிறிவிட்டது. அவன் மேல் ஒரு குற்றமும் இல்லை. அளவு சரி என்று பொய் சொன்னவன் நான். ஆட்டம் அத்தோடு நின்றது. அந்தச் சின்னப் புண் ஆறுவதற்கு ஆறு வாரங்கள் சென்றன. இரவில் மின்விளக்கின் கீழே கைக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு பாதத்தைப் பார்ப்பதே அந்நாட்களில் எனது வேலை. நிறம் மாறுகிறதா என்று மனைவியும் பார்ப்பாள். இருவரும் அந்த இரண்டு விரல்களைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.

அடுத்த வருடம் நண்பன் மறுபடி வரப்போகிறான் என்றறிந்ததும் சொந்தமாக ஒரு சோடி வாங்கினேன். காலையில் அல்ல, பிற்பகலில் கடைக்குப் போனேன். நடந்து திரிந்தபின் பாதம் சற்று வீங்கியிருக்கும், அந்த அளவுதான் உண்மையான அளவு. ஆடும்போது போடவிருந்த தடித்த காலுறையையும் கொண்டுபோனேன். நின்ற நிலையில் நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு பெருவிரல் அகலம் இடைவெளி பார்த்தேன். சப்பாத்தின் உள்ளே கையை விட்டுத் தையல்கள் தடவிப் பார்த்தேன். காலுக்குத் தெரியாததைக் கையாவது சொல்லட்டும். நீர் புகாத மேற்பகுதி, அகன்ற முன்பக்கம், தாழ்ந்த அடி. பிறகு கடையின் நடுவில் நின்று, இல்லாத தடியை வீசி, குதி உள்ளே நழுவுகிறதா என்று பார்த்தேன். விற்பனைப் பையன் சிரிப்பை அடக்கிக்கொண்டான். வீட்டிலே முதல் நாள் அரை மணி நேரம், பிறகு ஒரு மணி நேரம் என்று போட்டுப் பழகினேன். ஒவ்வொரு முறையும் கழற்றியதும் பாதத்தைப் பார்த்தேன். கப்பிள்ஸ் காலுறை போடாதது அவர் பாடு.

இரண்டாவது முறை ஒன்பது குழிகள் நடந்தேன். ஒரு கீறலும் இல்லை. பந்து வழக்கம்போல மண்ணோடு பறந்தது.

அதே பெரியவர்தான் வந்திருந்தார். ஆட்டம் முடிந்து மழைக்கு ஒதுங்கியபோது அவர் தமது கன்வஸ் சப்பாத்தைக் கழற்றி, முன்பக்கத்திலிருந்து நனைந்த காகிதத்தை உருவியெடுத்தார். சப்பாத்து அவருக்கு இரண்டு அளவு பெரிது. விரற்பக்கம் வெறுமையாக இருந்த இடத்தைப் பத்திரிகைத் தாளால் நிரப்பியிருந்தார். ஈரத்தையும் அது உறிஞ்சும் என்றார். பிரித்துப் பார்த்தேன். நான் வேலை செய்த பத்திரிகைதான். பழைய ஆசிரியர் தலையங்கப் பக்கம், எழுத்து கரைந்துபோயிருந்தது.

"அண்ணன், உங்கட காலின் அளவு என்ன?"

"அதெல்லாம் யாரு பாத்தா ஐயா."

எனது பையிலிருந்த அன்றைய பத்திரிகையைத் தரையில் விரித்து, அதன் மேல் நிற்கச் சொன்னேன். முதலில் மறுத்தார், பிறகு வேட்டியை ஒதுக்குவதுபோலக் காற்சட்டையை மடித்துக்கொண்டு நின்றார். குனிந்து இரண்டு பாதங்களையும் பேனையால் சுற்றி வரைந்தேன். வலது பாதம் இடது பாதத்தைவிட அரை விரலளவு நீளமாக இருந்தது. நண்பன் குனிந்து பார்த்துவிட்டு, பெரிய காலுக்குத்தான் வாங்கவேண்டும் என்றான். தாளை மடித்து மழை படாமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டு இருவரும் கடைத்தெருவுக்கு இறங்கினோம்.