மயில்துத்தக் குழாய் வந்த வழி

சோரியாங்குப்பத்தில் எங்கள் வீட்டுத் தளத்தின் அடியில் காரை பெயர்ந்து கம்பி தெரிந்தது. பார்க்க வந்த பொறியாளர் சுத்தியலை எடுக்கவில்லை. பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் குழாயை எடுத்தார். உள்ளே நீலத் தண்ணீர், நடுவே செம்புக் கம்பி, நுனியில் ஈரம் கசியும் அடைப்பு. மல்டிமீட்டரின் ஒரு ஒயரைத் தளத்துக் கம்பியில் மாட்டினார். இன்னொன்றைக் குழாயோடு இணைத்து, நனைத்த காங்கிரீட்டில் இடம் மாற்றி மாற்றி வைத்து எண்களைக் குறித்தார். மைனஸ் 350 மில்லிவோல்ட்டையும் தாண்டிக் கீழே இறங்கினால், அந்த இடத்தில் துரு ஓடிக்கொண்டிருக்க 90 விழுக்காட்டுக்கும் மேல் வாய்ப்பாம்.

"உள்ள என்ன சார் ஊத்தியிருக்கீங்க?"

"மயில்துத்தம்தாங்க."

பாகூர்ப் பக்கம் நடவு வயலில் பாசி பிடித்தால் வாய்மடையில் மூட்டை கட்டிப் போடுவோமே, அதேதான். அது எப்படித் துருவைக் காட்டும் என்று தேடப் போனேன்.

அந்தக் குழாய்க்கு 'அரை மின்கலம்' என்று பெயர். மீதி அரை 1836-இல் லண்டனில் இருந்தது. கிங்ஸ் கல்லூரிப் பேராசிரியர் டேனியல் செம்பை மயில்துத்தக் கரைசலிலும் துத்தநாகத்தை அமிலத்திலும் நிறுத்தி, சுமார் 1.1 வோல்ட் தரும் மின்கலம் செய்தார். துத்தநாகத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எங்கள் தளத்துக் கம்பியை வைத்ததுதான் பொறியாளர் செய்த வேலை. கரையாத மயில்துத்தக் கட்டி அடியில் கிடக்கும்வரை செம்பின் பக்கம் அசையாது. ஆகவே மீட்டரில் எண் மாறினால், மாறியது கம்பிதான். எந்த மின்வேதியியல் ஆய்வகத்துக்கும் இந்த அசையாத மின்முனைதான் ஆதாரம். 1942-இல் இங்கிலாந்தில் ஹிக்லிங் செய்த பொட்டென்ஷியோஸ்டாட் கருவியும் இப்படி ஒன்றை நம்பித்தான் மின்னழுத்தத்தைப் பிடித்து நிறுத்துகிறது.

துருவை ஆராயும் நம்மூர்க் கூடம் கடலோரத்தில்தான் இருக்கும் என்று நினைத்தேன். அது செம்மண் காடான காரைக்குடியில் இருக்கிறது. காரணம் விஞ்ஞானம் அல்ல, ஒரு மனிதர். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14 அன்று ராதாகிருஷ்ணன் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தைத் திறந்து வைத்தார். ஐம்பது வயதைக்கூடத் தொடாமல் 1957-இல் செட்டியார் போய்விட்டார்.

கடல் இல்லாத குறைக்கு மண்டபம் கடற்கரையில் ஒரு சோதனை நிலையம் போட்டார்கள். உலோகத் தகடுகளை உப்புக் காற்றில் மாட்டி வைத்து, காலம் கழித்து எடுத்து, துருவைச் சுரண்டி, குறைந்த எடையைப் பார்ப்பது அங்கே வேலை. எக்ஸ் கதிர் பாய்ச்சி, மேற்பரப்பின் பத்து நானோமீட்டருக்குள் என்னென்ன அணு இருக்கிறது என்று வாசிக்கும் இயந்திரங்கள் இன்று உண்டு. காற்று மூலக்கூறு படிந்தாலே கணக்குக் கெடும் என்பதால் அவற்றின் வயிற்றில் கடும் வெற்றிடம் வேண்டும். எனக்கென்னவோ அந்தத் தகடுகள் மேல்தான் நம்பிக்கை. என் வீடும் காற்றில்தானே நிற்கிறது.

நல்ல காங்கிரீட்டின் காரத்தன்மை, பிஎச் 12-க்கு மேல், கம்பிமேல் மெல்லிய படலம் போர்த்திக் காக்கும். உப்பிலிருக்கும் குளோரைடு அதைக் கிழித்துவிடும். இதற்குக் காரைக்குடியில் ஒரு முறை வகுத்தார்கள்: கட்டும் முன்பே கம்பியின் துருவை நீக்கி, துருவைத் தடுக்கும் மருந்து கலந்த சிமென்ட் பாலைப் பூசிக் காயவைப்பது. இதைக் கட்டுமிடத்திலேயே செய்யலாம். எங்கள் தளத்துக்குக் காலம் கடந்துவிட்டது. மாடிமேல் ஓர் அறை எழுப்பப் போகும் தம்பியிடம் சொல்லியிருக்கிறேன்.