விசாரிக்க வந்தவர்

ஆகஸ்ட் 9
மேலூர் ரோட்டில் ஒத்தக்கடை தாண்டுவதற்குள், பக்கவாட்டுச் சந்திலிருந்து வந்த குட்டி யானை வண்டி, டூவீலரில் போன என் வீட்டுக்காரரை இடித்துத் தள்ளிவிட்டது. ஹெல்மெட் இருந்ததால் தலை தப்பியது. வலது மணிக்கட்டு போச்சு. பெரியாஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 12
பிளேட் வைத்து ஸ்குரூ போட்டிருக்கிறார்கள். "தச்சு வேலையில நான் போடாத ஸ்குரூவா" என்று இவர் நர்ஸம்மாவிடம் சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆகஸ்ட் 27
இடித்த வண்டியின் இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து விசாரணைக்கு ஒருவர் வந்தார். நல்ல மரியாதை. செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்து, "உடம்பு எப்படி இருக்குண்ணே?" என்றார். வீடு தேடி வந்த எல்லாரிடமும் சொல்வதையே இவர் அவரிடமும் சொன்னார்: "பரவாயில்ல சார். ஒரு மாசத்துல வேலைக்குப் போயிருவேன்."

பேனா ஓடியது.

"என்ன வேகத்துல போனீங்க?"

"நாப்பது, அம்பது இருக்கும்."

மீட்டர் முள் அசைந்தே வருஷக்கணக்கான வண்டி அது! எந்த முள்ளைப் பார்த்துச் சொன்னார்? அதுவும் தாளில் ஏறியது. மழைக்காலத்தில் வேலை இருக்காதுதானே என்று கேட்டதற்கும் இவர் தலையாட்டினார். கடைசியில் வந்தவர் தாளைத் திருப்பி நீட்டினார். முழுக்க இங்கிலீஷ். இவர் கட்டுப்போட்ட கையைப் பார்த்தார். "இடது பெருவிரல் வச்சாப் போதும்ணே" என்று மைப்பெட்டி வெளியே வந்தது.

காபியைக் கீழே வைத்துவிட்டு, "கையெழுத்தே போட முடியாதவரு பரவாயில்லைன்னு எழுதியிருக்கீங்களே சார்" என்றேன். தம்பி வந்து வாசித்துச் சொல்லாமல் இவர் ரேகை வைக்கமாட்டார் என்றும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. காபியைக் குடித்துவிட்டுத்தான் போனார். கெட்ட மனுஷன் என்று சொல்லமாட்டேன். மரியாதையாகக் கேட்டு எழுதிக்கொள்வது அவர் பிழைப்பு.

ராத்திரி இவர் கேட்டார்: "வந்தவன்கிட்ட அழுது காட்டணுமா?"

ஆகஸ்ட் 28
பேச்சில்லை.

செப்டம்பர் 4
தம்பி வக்கீலிடம் கூட்டிப்போனான். எஃப்.ஐ.ஆர்., காயச் சான்று, டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றையும் புரட்டினார். எதிர்க் கம்பெனி ஆளுக்கு வீட்டில் வைத்து வாக்குமூலம் கொடுத்தே ஆக வேண்டும் என்றில்லையாம். பேசினால் தேதி, இடம், வண்டி நம்பர், ஆஸ்பத்திரித் தாளில் உள்ளது, அவ்வளவுதான். வேகமும் தூரமும் குத்துமதிப்பாகச் சொல்லக் கூடாது. எப்போது குணமாகும் என்பதை டாக்டர் சொல்லட்டும். "தெரியாததைத் தெரியாதுன்னு சொல்றதும் உண்மைதாம்மா" என்றார். கூட்டிச் சொல்லவும் கூடாது. ஒரு பொய் பிடிபட்டால் மெய்யையும் நம்பமாட்டார்கள். 2022 ஏப்ரலில் வந்த விதிப்படி விபத்து நடந்த 6 மாதத்துக்குள் தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும்.

2010-ல் உச்ச நீதிமன்றம் ராஜ்குமார் வழக்கில் சொன்னதையும் விளக்கினார். இடது கையை இழந்தவருக்கு ஊனம் 60 சதவீதம் என்று வைத்துக்கொண்டாலும், டிரைவருக்கோ தச்சருக்கோ சம்பாத்தியம் ஏறக்குறைய முழுதுமே போய்விடலாம். அரசு குமாஸ்தாவுக்கு வேலையே போகாமலும் இருக்கலாம். ஆகவே ஊனம் எவ்வளவு என்பதோடு, அந்தக் கை என்ன வேலை செய்தது என்பதையும் பார்க்க வேண்டும். இவர் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் 19
இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஒரு தொகை சொல்லி போன் வந்தது. முழுத் தீர்வு என்று எழுதிக் கொடுக்க வேண்டுமாம். பிறகு பிளேட்டை எடுக்க வேண்டி வந்தால் அந்தச் செலவு நம்முடையது. வாடகை இரண்டு மாதம் நிற்கிறது. வாங்கிவிடலாம் என்று காலையில் நினைத்தேன், மத்தியானம் வேண்டாம் என்று நினைத்தேன். இதை எழுதும்போதும் தீர்மானமில்லை.

அக்டோபர் 6
நான் கடைக்குப் போயிருக்கிறேன் என்று நினைத்து, இவர் தாழ்வாரத்தில் ஒரு தேக்குத் துண்டை வைத்து இழைப்புளியைத் தள்ளிப் பார்த்தார். சுருள் சுருளாக விழ வேண்டிய சீவல் துணுக்குத் துணுக்காக உதிர்ந்தது. இரண்டாம் தடவை வலது கை தானாகவே பிடியை விட்டது. இழைப்புளியைச் சாக்கில் சுற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளினார். நான் வாசலுக்குப் போய், கொஞ்ச நேரம் கழித்து, செருப்புச் சத்தம் கேட்கும்படி உள்ளே வந்தேன்.

அக்டோபர் 8
விசாரிக்க வந்த அதே ஆள் போன் பண்ணினார். இவர்தான் எடுத்தார். "இழைப்புளி பிடிக்க முடியல சார். எப்ப முடியும்னு டாக்டரைத்தான் கேக்கணும்." சாதாரணமாகத்தான் சொன்னார். பிறகு குளிக்கப் போய்விட்டார்.




நவம்பர் 13
கம்பெனி சொன்ன தொகை வேண்டாம் என்று சொல்லியாயிற்று. மனுவும் போட்டாயிற்று. ஊன அளவு பார்க்கும் மெடிக்கல் போர்டு இன்னும் கூப்பிடவில்லை. வாய்தா தேதியும் வரவில்லை.