அக்காவின் ஊர்

திருகோணமலை அன்புவழிபுரத்தில் ஒரு வீடு. தகரக் கேற். வளவுக்குள் இரண்டு தென்னை, ஒரு வேம்பு, கட்டுக் கிணறு. காலை ஆறரை மணி. கேற்றடியில் சிவப்பு ஓட்டோ வந்து நிற்கிறது. ஓட்டோக்காரர் ஹோர்ன் அடிப்பதில்லை. பழந்துணி ஒன்றை எடுத்து முன்கண்ணாடியைத் துடைக்கிறார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைக்கிறார்.

விறாந்தையில் அக்கா. வயது எழுபதைத் தாண்டிவிட்டது. சேலை கட்டி, தலை இழுத்து, கைப்பையை மடியில் வைத்துக் காத்திருக்கிறாள். பைக்குள் ஒரு போத்தல் தண்ணீர், ஒரு துவாய், சின்ன டப்பாவில் விபூதி. உள்ளே தங்கை சப்பாத்துக்கு நாடா கட்டுகிறாள். இங்கிலாந்திலிருந்து வந்தவள். பக்கத்தில் அவளுடைய பேத்தி. பதினேழு வயது. வீடு பாத் நகரத்தில்.

“நீங்களும் வாங்கோ அக்கா. இவ்வளவு காலமும் இஞ்ச இருந்து என்னத்தைப் பார்த்தனீங்கள்?”

“கோணேசரைப் பார்த்தனான். ஆசுப்பத்திரியைப் பார்த்தனான். சந்தையைப் பார்த்தனான்.”

ஓட்டோவில் முதல் ஆளாக அக்கா ஏறுகிறாள்.

கோட்டை வாசல். சிப்பாய் ஒருவர் குனிந்து ஓட்டோவுக்குள் பார்க்கிறார். கையால் போகச் சொல்கிறார். 1622இல் போர்த்துக்கேயர் மலைமேல் இருந்த கோணேசர் கோயிலை இடித்தார்கள். 1624இல் கோட்டை எழுந்தது. கோயிற் கற்கள் மதிலுக்குள் போயின. பிறகு ஒல்லாந்தர் வந்தார்கள். 1795இல் ஆங்கிலேயர். 1803இல் கோட்டைக்கு இங்கிலாந்து இளவரசர் பிரெடெரிக்கின் பெயர். இப்போது உள்ளே இலங்கை இராணுவம்.

வாசற் கல்லில் இரட்டைக் கயல். பக்கத்தில் சிதைந்த தமிழ் எழுத்துகள். வாகனங்கள் கல்லை உரசாத குறையாகப் போகின்றன. பேத்தி இறங்கி நிற்கிறாள். அவளுடைய விரல் மீனின் முதுகு வழியே ஓடுகிறது.

“இந்த வாசலால எத்தினை வெள்ளிக்கிழமை போயிருப்பன்” என்கிறாள் அக்கா. மெதுவாக இறங்குகிறாள். மீனைத் தொடுகிறாள். அதன் கண் இருக்கும் இடத்தில் விரல் நிற்கிறது.

மேலே போகும் வழியில் புள்ளிமான்கள். ஒன்று கடைக்கு முன்னால் நின்று பொலித்தீன் பையை மெல்லுகிறது. கடைக்காரர் எழுந்து வருகிறார். பையை அதன் வாயிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து எடுக்கிறார். வாழைப்பழத் தோலை நீட்டுகிறார். திரும்பிப் போய் மாலை கட்டுகிறார். இன்னொரு மான் வருகிறது. மறுபடியும் எழும்புகிறார்.

கோயில். 1950இல் கிணறு தோண்டிய இடத்தில் செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. 1963இல் குடமுழுக்கு நடந்தது.

“ஐயா உன்னைத் தோளில தூக்கி வைச்சிருந்தவர். நான் கீழ நிண்டனான். எனக்குச் சனத்தின்ர முதுகுதான் தெரிஞ்சது.”

“எனக்கு ஒண்டும் ஞாபகமில்லை, அக்கா.”

இராவணன் வெட்டு. பாறை பிளந்து கீழே நீலக் கடல். மரக் கிளையில் சின்னச் சின்னத் தொட்டில்கள். பிள்ளை வேண்டிக் கட்டியவை. சில புதியவை. சிலவற்றில் துணி வெளிறிப் போயிருக்கிறது. இளம் பெண் ஒருத்தி கிளையை எட்டப் பார்க்கிறாள். உயரம் போதவில்லை. கணவன் கிளையைப் பிடித்துத் தாழ்த்துகிறான். அவள் முடிச்சுப் போட்டு முடியும் வரைக்கும் கையை விடவில்லை.

அடுத்த நாள் கன்னியா வெந்நீரூற்று. தொல்பொருள் திணைக்களத்தின் பலகை. நுழைவுச்சீட்டுக் கொடுக்கும் கூண்டு. உள்ளே ஏழு சதுரக் கிணறுகள். எட்டிப் பார்த்தால் அடி தெரிகிறது. தாய்க்குக் கடன் செய்ய இராவணன் நிலத்தில் ஏழு இடம் குத்தினான் என்கிறது ஊர்க்கதை. ஒரு கிணற்றின் சூடு இன்னொன்றில் இல்லை. ஆட்கள் வாளியால் அள்ளி ஊற்றுகிறார்கள். முதல் வாளிக்கு எல்லாரும் தோளைக் குறுக்குகிறார்கள். இரண்டாவது வாளிக்குச் சிரிக்கிறார்கள்.

பேத்தி அக்காவுக்குப் போனில் படம் காட்டுகிறாள். பச்சைத் தண்ணீர், சுற்றிக் கல் தூண்கள், மேலே ஆவி. பாத் நகரத்தில் உரோமர் கட்டிய வெந்நீர்க் குளம்.

“இதுக்கை குளிக்கிறதோ?”

“இல்லை, பெரிய அம்மம்மா. பார்க்க மட்டும்தான். தொடவும் விடமாட்டினம்.”

அக்கா வாளியை எடுத்து அவளிடம் கொடுக்கிறாள்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு இங்கே வருவது திருகோணமலைச் சைவர்களின் வழக்கம். அக்காவும் வந்திருக்கிறாள், அத்தானுக்கு. இப்போது கிணறு கிணறாகப் போகிறாள். ஒவ்வொன்றிலும் ஒரு கை தண்ணீர் எடுத்துத் தலையில் தெளிக்கிறாள். உதடு அசைகிறது. ஏழாவதில் நிமிர்கிறாள்.

“அண்டைக்கு எத்தினை கிணறெண்டு எண்ணேல்லை.”

தங்கை துவாயை நீட்டுகிறாள்.

நிலாவெளி வீதியில் போர்க் கல்லறைத் தோட்டம். அக்கா பஸ்ஸில் பல முறை கடந்து போன மதில். 1942 ஏப்ரல் 9 காலை ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தைத் தாக்கின. அதே நாளில் மட்டக்களப்புக் கடலில் ஹேர்மீஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. வெட்டிய புல். வரிசை வரிசையாகக் கற்கள். தங்கை கற்களில் உள்ள வயதை மட்டும் வாசித்துக்கொண்டு போகிறாள். ஒரு வரிசை முடிந்ததும் நிறுத்துகிறாள். தோட்டக்காரர் ஒரு கல்லைச் சுற்றியுள்ள புல்லைக் கத்தரிக்கோலால் வெட்டுகிறார்.

பட்டணத்துக்குள்ளேயே இன்னொரு பழைய கல்லறைத் தோட்டம். புனித ஸ்தேவான் பெயரில். இங்கே வர வேண்டும் என்று கேட்டவள் பேத்திதான். ஓட்டோக்காரர் இரண்டு பேரிடம் வழி விசாரிக்கிறார். ஒருவர் இடப்பக்கம் காட்டுகிறார். மற்றவர் தானும் கூட வந்து காட்டுகிறார்.

கல்லின் கீழே ரியர் அட்மிரல் சார்ள்ஸ் ஒஸ்டின். எழுத்தாளர் ஜேன் ஒஸ்டினின் தம்பி. இரண்டாம் பர்மியப் போரில் கப்பற் படையோடு போனவர். 1852 ஒக்டோபர் 7, ஐராவதி ஆற்றில், வாந்திபேதி. வயது எழுபத்து மூன்று. உடல் திருகோணமலையில் அடங்கியது. ஜேன் 1801 முதல் 1806 வரை பாத் நகரத்தில் வாழ்ந்தவர். அவர் இருந்த வீடொன்றைக் கடந்துதான் பேத்தியின் பஸ் போகிறது.

பேத்தி கதை சொல்கிறாள். தமிழ் வராத இடத்தில் ஆங்கிலம். அந்த இடத்தைத் தங்கை தமிழாக்குகிறாள். கப்பலில் சேர்ந்த இளவயதில் தம்பிக்கு எதிரிக் கப்பலைப் பிடித்ததற்கான பங்குப் பணம் கிடைத்தது. அந்தக் காசில் அவர் அக்காமார் இரண்டு பேருக்கும் தங்கச் சங்கிலியும் புஷ்பராகச் சிலுவையும் வாங்கினார்.

“தனக்கு ஒண்டும் வாங்கேல்லையோ?”

பேத்திக்குத் தெரியவில்லை.

அக்காவின் கை கழுத்துக்குப் போகிறது. மெல்லிய சங்கிலி. 1980களில் முதல் சம்பளத்தில் தங்கை அனுப்பியது. இடையில் மூன்று தரம் அடகுக்குப் போய் மூன்று தரமும் மீண்டு வந்தது. கல்லின் மேல் வேப்பஞ் சருகு. அக்கா குனிந்து சருகைத் தள்ளுகிறாள். முழுக் கல்லும் தெரியும் வரைக்கும் தள்ளுகிறாள். தங்கை மறுபக்கத்தில் இருந்து தள்ளுகிறாள்.

மாலை. டச்சு விரிகுடாக் கடற்கரை. கச்சான் வண்டி, இறால் வடை, பட்டம். ஒரு தகப்பன் சேர்ட்டைக் கழற்றாமல் அலைக்குள் இறங்குகிறார். பிள்ளைகள் கத்துகிறார்கள். காந்தி சிலை இருக்கும் பக்கம் தங்கை நடக்கிறாள். அக்கா நின்றுவிடுகிறாள். 2006 ஜனவரி 2 மாலை இந்தக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பேத்தியை விடச் சில வயதே கூடியவர்கள். அக்கா கச்சான் பொட்டலத்தை மடித்துப் பைக்குள் வைக்கிறாள். பேத்தியின் மணிக்கட்டைப் பிடிக்கிறாள். இருட்டும் வரைக்கும் பிடித்திருக்கிறாள். பேத்தி கையை இழுக்கவில்லை.

கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போக வான் இரவு பத்து மணிக்கு வருகிறது. இரண்டு சூட்கேஸ். மிளகாய்த்தூள், பனங்கட்டி, கருவாடு. கருவாட்டைத் தங்கை மூன்று பொலித்தீனில் சுற்றுகிறாள். அக்கா நாலாவதைக் கொண்டுவந்து கொடுக்கிறாள். வான் கண்டி வீதிப் பக்கம் திரும்புகிறது.

காலை. பேத்தி சீட்டில் விட்டுப்போன தொப்பியோடு ஓட்டோக்காரர் கேற்றடியில் நிற்கிறார். அக்கா தொப்பியை வாங்கி உதறுகிறாள். உள்ளே போகவில்லை.

“தம்பி, பெரியகுளத்துக்கு அங்கால வெல்கம் விகாரை எண்டு இருக்காம். சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டாம். இராஜராஜப் பெரும்பள்ளி எண்டு பேராம். பிள்ளை போனில காட்டினவள்.”

“ஓமம்மா, இருக்கு.”

“போக வர எவ்வளவு?”

“நீங்க தாறதைத் தாங்கோ.”

“அப்பிடி வேண்டாம். காசைச் சொல்லுங்கோ.”

ஓட்டோக்காரர் தலையைச் சொறிந்து ஒரு தொகை சொல்கிறார். அக்கா இருநூறு ரூபா குறைக்கிறாள். அவர் சம்மதிக்கிறார். அக்கா மதிலுக்கு மேலால் பக்கத்து வீட்டை எட்டிப் பார்க்கிறாள்.

“ரீச்சரும் வருவா. அவவும் ஒண்டும் பார்க்கேல்லை. ஆறரைக்கு வாங்கோ.”