உதவிக்கு வந்த கை

நம் இல்லத்துப் பிள்ளைகள் பலர் விலையின்றிக் கிடைக்கும் திறமூல மென்பொருள்களைக் கொண்டே பிழைக்கின்றனர். அவற்றுள் ஒன்று, கோப்புகளைச் சுருக்கித் தரும் எக்ஸ்இசட். ஊதியமின்றி நெடுநாள் அதனைப் பேணி வந்தவர் பின்லாந்தின் லாசே காலின். 2022-இல் அவர் மனச்சோர்வுற்றிருந்த வேளையில், பணி தாமதம் என்று சிலர் கடிதங்களால் நெருக்கினர். ‘ஜியா டான்’ என்ற பெயரினர் துணையாக நின்றார். ஈராண்டுக்கு மேல் செவ்வனே உழைத்து, வெளியிடும் உரிமையையும் பெற்றார். 2024 பிப்ரவரியில் வந்த 5.6.0 பதிப்பில் புழக்கடைக் கதவொன்றை ஒளித்து வைத்தார்.

மார்ச்சில், தொலைக் கணினிக்குள் நுழைய அரை விநாடி மிகுதியாவது கண்டு ஐயுற்ற ஆண்ட்ரெஸ் பிராயிண்ட் என்னும் பொறியாளர் துருவி ஆராய்ந்தார், குட்டு வெளிப்பட்டது. அரை விநாடி! நாமாயின் பொறுத்திருப்போம். காலினுக்கு வந்த கடிதங்களுள், நலம் வினவி நம்மவர் எழுதியது ஒன்றேனும் இருந்திருக்குமோ?