சபக், சபக் பாரா, ஆமுக்தா: எங்கள் வீட்டுக் கிட்டார் மாணவனின் அன்றாடம்



எங்கள் இல்லம் ஐயப்பன்தாங்கலில், பேருந்துப் பணிமனையிலிருந்து நடந்து செல்லும் தொலைவில், ஓர் அடுக்ககத்தின் இரண்டாம் தளத்தில் இருக்கிறது. கணவன் மனைவியாகிய நாங்கள் இருவர், பொறியியல் பயிலும் மகன், பள்ளி செல்லும் மகள், எண்பதை நெருங்கும் நன்னா என ஐவர் வாழும் வீடு. நன்னா தஞ்சைப் பகுதியில் ஒரு மத்ரஸாவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிள்ளைகளுக்கு ஹிஃப்ழ் ஓதிக்கொடுத்தவர். இவ்வீட்டுக்குள்தான், மூன்று ஆண்டுகளுக்கு முன், ஆறு தந்திகள் கொண்ட ஒரு பெட்டி நுழைந்தது.

மகன் பகுதிநேரமாகப் பாடம் சொல்லிக்கொடுத்துச் சேர்த்த பணத்தில் வாங்கிய கிட்டார் அது. அண்ணா சாலையிலுள்ள மியூசி மியூசிக்கலுக்குத் தனியாகச் சென்று பலமுறை பார்த்துவிட்டு வந்திருக்கிறான் என்பது பின்னர்தான் எங்களுக்குத் தெரிந்தது. அவன் கற்க விரும்பியது திரைப்பாடல் அன்று, ஜாஸ். அதிலும், எழுதி வைத்ததை வாசிப்பதன்று, அந்தந்தக் கணத்தில் இசையைப் புனைந்து வாசிக்கும் கலை. நம் பக்கத்துக் கர்நாடக இசையாளர் மனோதர்மம் என்பார்களே, அதற்கு நெருங்கிய உறவு.

நன்னா ஒன்றும் பேசவில்லை. கிட்டார் ஒலித்தால் எழுந்து தம் அறைக்குச் சென்று கதவைச் சாத்திக்கொண்டார். அந்தக் கதவுச் சத்தம் எங்களுக்கு எந்த வசவையும்விடக் கடினமாக இருந்தது.

இசைக்கருவிகளைப் பற்றிய மார்க்கத் தீர்ப்பை இங்கே விவாதிக்க நாங்கள் தகுதியுடையோர் அல்லர். நாங்கள் நம்பும் ஓர் ஆலிமிடம் சென்று கேட்டோம். நான்கு மத்ஹபுகளின் அறிஞர்களில் பெரும்பாலோர் தந்திக் கருவிகளை அனுமதிக்கவில்லை என்பதையும், இப்னு ஹஸ்ம் போன்ற சிலர் அதற்கான ஆதாரங்களை ஏற்கவில்லை என்பதையும், இமாம் கஸ்ஸாலி இஹ்யாவில் இதற்கென ஒரு தனிப் பகுதியே ஒதுக்கியிருப்பதையும் அவர் ஒளிக்காமல் எடுத்துரைத்தார். அதே கஸ்ஸாலி தந்திக் கருவிகளை மதுக்கூட்டத்தின் அடையாளமாகக் கண்டு விலக்கியதையும் மறைக்கவில்லை. எங்களுக்குச் சாதகமாக ஒன்றையும் வளைக்காமல் சொன்னதால்தான் அவர்மீது மதிப்பு கூடியது. வீடு திரும்பி இரண்டு இரவுகள் பேசினோம். பத்தொன்பது வயதுப் பிள்ளையிடமிருந்து கருவியைப் பிடுங்கினால் அவன் வேறு வீட்டில் வாசிப்பான். எங்களிடமிருந்தும் சற்று விலகுவான் என்று தோன்றியது. சில நிபந்தனைகளுடன் விட்டுவிட்டோம். பாங்கு ஒலித்தால் கருவி கீழே இறங்க வேண்டும். மது புழங்கும் இடத்தில் ஒருபோதும் வாசிக்கக் கூடாது. ரமளானில் பெட்டி திறக்கப்படக் கூடாது. எங்கள் முடிவு சரிதானா என்ற ஐயம் இன்றும் முற்றிலும் நீங்கவில்லை. மாற்றுக் கருத்துடையோர் எங்களைப் பொறுத்தருள்க.

இரண்டாவது நிபந்தனையை மகன் எதிர்க்கவில்லை. மாறாக, யூசுப் லத்தீஃபின் கதையை எங்களுக்குச் சொன்னான். 1920-இல் அமெரிக்காவில் பிறந்து, இளமையில் இஸ்லாத்தைத் தழுவிய சாக்ஸபோன் கலைஞர் அவர். மேலைக் கல்வியையும் இஸ்லாமியக் கல்வியையும் ஆய்ந்து 1975-இல் முனைவர் பட்டம் பெற்றார். பின்னாளில் மது பரிமாறப்படும் அரங்குகளில் வாசிப்பதை நிறுத்திக்கொண்டார். 1981-இல் அவர் வெளியிட்ட சுரவரிசைத் தொகுப்பு ஜாஸ் மாணவர்களின் கைகளில் இன்றும் இருக்கிறது. நாங்கள் விதித்த நிபந்தனைக்கு எங்கள் பிள்ளையே முன்னுதாரணம் தேடித் தந்தது வியப்பாகத்தான் இருந்தது.

ஆனால் முதல் எட்டு மாதங்கள் வீணாயின. அதைத்தான் இங்கு விரிவாகச் சொல்ல விரும்புகிறோம்; ஏனெனில் அந்தத் தவறு கிட்டாருக்கு மட்டும் உரியதன்று.

கல்லூரி நாள்களில் கருவியைத் தொடமாட்டான். மெட்ரோ பணிக்காகச் சாலை சுருங்கிக் கிடந்த காலம் அது. பேருந்தில் நின்றபடியே வீடு வந்து சேரும்போது உடல் துவண்டிருக்கும். ஞாயிறன்று மட்டும் நான்கு மணி நேரம் விடாமல் வாசிப்பான். அந்த நான்கு மணி நேரத்திலும் கைப்பேசியில் ஒரு காணொளி முடிந்து அடுத்த காணொளி. இன்று ஒரு சுரவரிசை, அடுத்த வாரம் வேறொன்று. எட்டு மாதங்களின் முடிவில் பதினான்கு சுரவரிசைகளின் பெயர்களைத் தடையின்றிச் சொன்னான். விருந்தினராக வந்த அவன் மாமா, “ஒரு பாட்டு வாசியேன் தம்பி” என்று கேட்டபோது வாசிக்க ஒரு பாட்டு இல்லை. முகம் சிவந்து, கிட்டாரைப் பெட்டியில் வைத்தான். அதற்குப் பின் மூன்று வாரங்கள் பெட்டியைத் திறக்கவில்லை. விற்றுவிடப் போவதாகவும் சொன்னான். உண்மையைச் சொன்னால், எங்களுக்கு உள்ளூர ஒரு நிம்மதிகூடப் பிறந்தது.

அன்றிரவு இஷாவுக்குப் பின், உணவருந்தும்போது நன்னா பேசினார்.

“நீ சபக் மட்டுமே எடுக்கிறாய். ஆமுக்தா எங்கே?”

மகனுக்கு விளங்கவில்லை. ஹிஃப்ழ் மத்ரஸாக்களின் நடைமுறையை அறியாத வாசகர்களுக்காகச் சொல்கிறோம். குர்ஆனை மனனம் செய்யும் மாணவனின் ஒருநாள் மூன்றாகப் பகுக்கப்படும். அன்று புதிதாக ஒப்பிக்கும் சிறு பகுதி சபக். அண்மை நாள்களில் மனனம் செய்த பகுதியை மீட்டிச் சொல்வது சபக் பாரா. முன்னரே முடித்த பழைய ஜுஸ்உகளை நாள்தோறும் சுழற்சி முறையில் ஓதிக்காட்டுவது ஆமுக்தா. நாள் செல்லச்செல்லப் புதிய பாடத்தைவிட பழையதற்கே கூடுதல் நேரம் செலவாகும். ஆர்வக்கோளாறில் சபக்கை மட்டும் பெருக்கிக்கொண்டு ஓடும் பிள்ளை பத்தாம் ஜுஸ்உக்கு வரும்போது முதல் ஜுஸ்உவை இழந்திருப்பான். அப்படி இழந்து, அழுது, ஊர் திரும்பிய பிள்ளைகளை நன்னா பார்த்திருக்கிறார்.

நாங்கள் அவசரப்பட்டு, “அப்படியானால் இரண்டும் ஒன்றுதானே” என்று சொல்லிவிட்டோம். நன்னாவின் குரல் உயர்ந்தது. “இறைவேதத்தையும் இதையும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. மனிதன் மறக்கும் விதம் ஒன்று. அதைத்தான் சொன்னேன்.” எழுந்து கை கழுவச் சென்றுவிட்டார். வாசிப்பை அவர் ஏற்கவில்லை. இன்றுவரை ஏற்கவும் இல்லை. எனினும் ஒரு பிள்ளை தவறாகக் கற்பதைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க அவரால் முடியவில்லை.

மறுநாள் முதல் முறை மாறியது. அஸருக்கும் மஃக்ரிபுக்கும் இடைப்பட்ட நேரத்தில் நாற்பது நிமிடங்கள். பாங்கு ஒலித்ததும் தானாக முடிந்துவிடும் என்பதால் அதற்கு மேல் நீள வழியில்லை. அந்த எல்லையே நன்மையாயிற்று. அல்லாஹ்வுக்கு உவப்பான அமல் சிறிதாயினும் தொடர்ந்து செய்யப்படுவது என்ற நபிமொழியை நாம் தொழுகைக்கும் திக்ருக்கும் சொல்கிறோம். வார நாள்களில் நாற்பது நிமிடம் வாசித்தவன், ஞாயிறு நான்கு மணி நேரம் வாசித்தவனைவிட விரைந்து தேறியதை நாங்கள் கண்முன் கண்டோம்.

பதினான்கு சுரவரிசைகளும் ஒதுக்கப்பட்டன. ஒரே ஒரு பாடல் எடுத்துக்கொண்டான். ‘ஆட்டம் லீவ்ஸ்’ என்ற அது, ஜோசஃப் கோஸ்மா இசையமைத்த ஒரு பிரெஞ்சுப் பாடலிலிருந்து வந்தது. நான்கு துடிப்புகள் கொண்ட ஒரு பகுதியை அவர்கள் ‘பார்’ என்கின்றனர். பாடல் முழுவதும் அத்தகைய 32 பார்கள். பெரும்பாலான ஜாஸ் மாணவர்களின் முதற்பாடல்களுள் இதுவும் ஒன்று.

முதல் பத்து நிமிடம் சபக். அதுவும் மிகச் சிறிது. பாடலின் தொடக்கத்தில் ஏ மைனர் 7, டி 7, ஜி மேஜர் 7 என்ற மூன்று கார்டுகள் அடுத்தடுத்து வருகின்றன. ஒவ்வொரு கார்டிலும் அதன் மூன்றாம் சுரமும் ஏழாம் சுரமுமே அதன் முகம். முதல் கார்டில் அவை சி, ஜி. இரண்டாவதில் எஃப் ஷார்ப், சி. மூன்றாவதில் பி, எஃப் ஷார்ப். உற்றுப் பார்த்தால் ஓர் அழகு தெரியும்: முதலிலிருந்து இரண்டாவதற்குச் செல்கையில் சி அசையாமல் நிற்கிறது, ஜி மட்டும் அரைச்சுரம் இறங்கி எஃப் ஷார்ப் ஆகிறது. அடுத்த நகர்வில் எஃப் ஷார்ப் நிற்கிறது, சி அரைச்சுரம் இறங்கி பி ஆகிறது. ஒரு வாரம் முழுக்க இந்த இரண்டிரண்டு சுரங்களைத் தவிர வேறெதையும் அவன் தொடவில்லை. கேட்ட எங்களுக்குச் சலித்தது. ஆனால் அவ்வாரத்தின் முடிவில், அவன் வாசிப்பதிலிருந்தே கார்டு மாறும் இடம் எங்கள் செவிக்கும் தெரிந்தது. பதினான்கு சுரவரிசைகள் தராத தெளிவு அது.

அடுத்த பத்து நிமிடம் சபக் பாரா: அவ்வாரத்தில் முன்பு எடுத்தவற்றை மெட்ரோனோமுடன் வாசிப்பது. அதிலும் ஒரு நுட்பம் சொன்னான். ஜாஸில் அழுத்தம் இரண்டாம், நான்காம் துடிப்புகளில் விழுவதால் மெட்ரோனோமின் ஒலியை அவ்விரண்டுக்கு மட்டும் வைத்துக்கொள்கின்றனர். நிமிடத்துக்கு 80 துடிப்பு வேண்டுமென்றால் கருவியை 40-இல் வைக்க வேண்டும். முதல் துடிப்பையும் மூன்றாம் துடிப்பையும் வாசிப்பவனே தன்னுள் சுமக்க வேண்டும். முதல் நாள்களில் அவன் தடுமாறிய தடுமாற்றம் எங்கள் மகளுக்கு நல்ல பொழுதுபோக்கு.

பின் பத்து நிமிடம் ஆமுக்தா. கடந்த மாதங்களில் செவிவழி கற்ற பழைய இசைத்தொடர்களை நாளுக்கு மூன்றாகச் சுழற்றி வாசிப்பான். செவிவழி என்பது முக்கியம். தாளில் பார்த்துக் கற்பதில்லை. பதிவைக் கேட்டு, முதலில் வாயால் பாடி, அதன் பிறகே தந்தியில் தேடுவான். வாயால் பாட வராததை விரல் வாசித்தால் அது வெறும் விரற்பழக்கம் என்கிறான். உஸ்தாத் ஓத, மாணவன் கேட்டுத் திருப்பி ஓதும் முறை வளர்த்தெடுத்த வீட்டுக்கு இது புதிதன்று.

இவ்வழியில் சென்றவர்களுள் அவன் பெரிதும் போற்றுவது வெஸ் மாண்ட்கோமரியை. 1923-இல் இண்டியானாபொலிஸில் பிறந்தவர். திருமணமான பின், ஏறத்தாழ இருபது வயதில் கிட்டாரைக் கையிலெடுத்தார். சார்லி கிறிஸ்டியன் என்ற முன்னோடியின் இசைத்தட்டுகளைக் கேட்டுக்கேட்டே அவருடைய தனி வாசிப்புகளைச் சுரம் பிசகாமல் கற்றார். இசைக்குறிப்புகளைப் படிக்க அவருக்குத் தெரியாது. பகலில் கூலிவேலை, இரவில் பயிற்சி. ஒலி பிறரை உறுத்தியதால், மீட்டும் வில்லையை விட்டுவிட்டுக் கட்டைவிரலால் மென்மையாக வாசிக்கத் தொடங்கினார். அந்த மென்மையே பின்னர் அவருடைய அடையாளமாயிற்று. நாற்பத்தைந்து வயதில், 1968-இல் மறைந்தார். எங்கள் அடுக்ககத்தின் மெல்லிய சுவர்களை எண்ணி, மகனும் கட்டைவிரலாலேயே வாசிக்கிறான். கீழ்த்தளத்து அம்மையார் இதுவரை புகார் சொல்லவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

நம் மண்ணிலும் இத்தகையோர் உண்டு. இராணிப்பேட்டையில் பிறந்து, சென்னை ஐஐடியில் படித்து, பின் பாஸ்டனின் பெர்க்லீ இசைக் கல்லூரிக்குச் சென்ற கிட்டார் பிரசன்னா, கர்நாடகக் கீர்த்தனைகளையும் ஜாஸையும் ஒரே கருவியில் வாசிப்பவர். சரளி வரிசையை மூன்று காலங்களில் பழகும் நம் ஊர்ப் பிள்ளைக்கு, மெதுவாகத் தொடங்கி இருமடங்காக்கும் இந்தப் பயிற்சி அந்நியமாகத் தோன்றாது.

கடைசிப் பத்து நிமிடத்தில் ஒரே ஒரு விதி: நிறுத்தக் கூடாது. தவறினாலும் திரும்பிச் சென்று திருத்தாமல் 32 பார்களையும் கடந்து செல்ல வேண்டும். இரண்டு பார் வாசித்து இரண்டு பார் மௌனமாக இருப்பதும் ஒரு பயிற்சி. அந்த மௌனம்தான் மிகக் கடினம் என்கிறான். இதைக் கைப்பேசியில் பதிவுசெய்து, வெள்ளிதோறும் ஜும்ஆவுக்குப் பின் கேட்பான். தன் வாசிப்பைத் தானே கேட்பது முதலில் அவனுக்கு வேதனையாக இருந்தது. எந்த இடத்தில் வாரந்தோறும் இடறுகிறான் என்பதை அந்தப் பதிவுகளே காட்டின: ஆறாவது பார். அங்கு பி 7 கார்டு வருகிறது; அதன் மூன்றாம் சுரமான டி ஷார்ப், அதுவரை வந்த ஜி மேஜர் வரிசையில் இல்லாதது. விரல் பழைய வழியிலேயே சென்று வழுக்கிவிடும்.

சென்ற ரமளானில் பெட்டி பூட்டியே இருந்தது. தராவீஹுக்கு நன்னாவைக் கைப்பிடித்து அழைத்துச் சென்றது மகன்தான். பெருநாள் கழிந்து மூன்றாம் நாள் பெட்டியைத் திறந்தபோது விரல்நுனிகளின் காய்ப்பு கரைந்து, தோல் மென்மையாகிவிட்டிருந்தது. பத்து நிமிடத்தில் வலி பொறுக்கவில்லை. பழைய வேகத்தைப் பிடிக்க முயலாமல், ஆமுக்தாவை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு வாரம் ஓட்டினான்.

இரண்டாம் வாரம், ஓர் அஸர் வேளை. நாங்கள் அடுக்களையில் இருந்தோம். வழக்கம்போல் நன்னாவின் அறைக்கதவு சாத்தியிருந்தது. மகன் பாடலைத் தொடங்கினான். நான்காம் பார், ஐந்தாம் பார், ஆறாவதில் வழுக்கினான். உள்ளிருந்து கைத்தடி தரையில் ஒருமுறை தட்டும் ஓசை கேட்டது. மத்ரஸாவில் பிள்ளை ஓதலில் பிழைத்தால் நன்னா அப்படித்தான் தட்டுவார். மகன் எங்களைத் திரும்பிப் பார்த்தான். நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. அவன் நான்காம் பாரிலிருந்து மெதுவாக மீண்டும் தொடங்கினான்.