எட்டாவது வரி

திண்டிவனத்தில் சிறுபாணாற்றுப்படை நடத்துவதில் ஒரு வசதி உண்டு. பாட்டுடைத் தலைவனின் ஊரைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைக் கிடங்கிலின் கோமான் என்று பாடுகிறார் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். அந்தக் கிடங்கில், இன்று கிடங்கல் என்ற பெயரோடு திண்டிவனம் நகருக்குள்ளேயே இருக்கிறது. கிடங்கு என்றால் அகழி. (பிள்ளைகளுக்குக் கிடங்கு என்றதும் நெல்மூட்டை அடுக்கிய குடோன்தான் நினைவுக்கு வருகிறது. வள்ளலின் ஊருக்கு அதுவும் பொருந்தாமல் போகாது.) நற்றிணையிலும் குறுந்தொகையிலும் இந்த ஊர்ப்பெயரை முன்னொட்டாகக் கொண்ட புலவர்கள் இருக்கிறார்கள். புறநானூற்றில் புறத்திணை நன்னாகனாரும் இவனைப் பாடியிருக்கிறார். உள்ளூர்ப் பெருமைக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

இருந்தும், சென்ற பருவத்தின் அகமதிப்பீட்டுத் தேர்வுத் தாள்களைத் திருத்தியபோது நாங்கள் திகைத்துப் போனோம். நாங்கள் என்பது துறையில் இருவர். விழுப்புரத்தில் ஒரே ரயிலில் ஏறித் திண்டிவனத்தில் இறங்குபவர்கள், பாடத்தையும் பகிர்ந்துகொண்டு நடத்துபவர்கள். சிறுபாணாற்றுப்படை காட்டும் வள்ளல்களைப் பற்றி எழுதுமாறு கேட்டிருந்தோம். கட்டு முழுவதும் ஒரே விடை. பேகன், பாரி, காரி, ஆய், அதிகன், நள்ளி, ஓரி. எண்ணிட்டு, வரிசை மாறாமல், ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. பிழை என்று ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு தாளில்கூட நல்லியக்கோடன் இல்லை. கிடங்கலிலிருந்து வரும் பிள்ளைகளின் தாள்களிலும் இல்லை.

முதலில் பிள்ளைகளைத்தான் நொந்துகொண்டோம். ஆசிரியர்களுக்கு அதுதானே எளிது. பிறகு விடைகளின் சாயல் எங்கோ பார்த்ததாகத் தோன்றியது. சொற்கள் எங்களுடையவை. 'மயிலுக்குப் போர்வை', 'முல்லைக்குத் தேர்', 'ஔவைக்கு நெல்லி' என்று அரைவாக்கியமாக வெட்டியிருந்த பாங்கும் எங்களுடையது. அந்த ஏழு வரிகளும் நாங்கள் செய்த பவர்பாயிண்ட் ஸ்லைடிலிருந்து இறங்கி வந்திருந்தன. (படவில்லை, காட்சிவில்லை என்றெல்லாம் நல்ல சொற்கள் புழக்கத்தில் இருக்கின்றன. வகுப்பில் ஸ்லைடு என்றுதான் சொல்கிறோம். இங்கும் அப்படியே இருக்கட்டும்.)

அந்த ஸ்லைடு உருவான விதத்தைச் சொல்ல வேண்டும். விழுப்புரத்தைவிட்டு ரயில் கிளம்பி முண்டியம்பாக்கம் தாண்டியதும் மடியில் கணினியைத் திறந்தோம். புதிய ஸ்லைடு ஒன்றைக் கேட்டால் அந்த மென்பொருள் வெற்றுத்தாளைத் தருவதில்லை. இரண்டு பெட்டிகளைத் தருகிறது. மேலே உள்ளதில் தலைப்பை இடு என்கிறது. கீழே உள்ளதில் உரையை இடு என்கிறது. கீழ்ப்பெட்டியில் எழுதத் தொடங்கியதுமே வரியின் முன்னால் ஒரு கரும்புள்ளி வந்து உட்கார்ந்துகொள்கிறது. நாம் கேட்கவில்லை; அதுவாகவே வருகிறது. என்டர் விசையை அழுத்தினால் அடுத்த புள்ளி. விக்கிரவாண்டி வருவதற்குள் ஏழு புள்ளிகளும் ஏழு வள்ளல்களும் அமைந்துவிட்டார்கள். கைக்கு அடக்கமான, கண்ணுக்கு இனிய ஒரு பட்டியல்.

எட்டாவதாக நல்லியக்கோடனைப் பற்றி எழுதத் தொடங்கினோம். அந்த வாக்கியம் சற்று நீளம். இரண்டாவது வரிக்கு மடங்கியது. உடனே பெட்டியிலிருந்த எழுத்துகள் எல்லாம் சுருங்கின.

இதை வேறு பலரும் கண்டிருப்பார்கள். பெட்டியின் கொள்ளளவைத் தாண்டி உரை வழிந்தால், எழுத்தின் அளவையும் வரிகளின் இடைவெளியையும் மென்பொருள் தானாகவே குறைத்துக்கொள்கிறது. ஆட்டோஃபிட் என்று பெயர். ரோமன் எழுத்துக்கு இதனால் பெரிய சேதம் இல்லை. தமிழ் எழுத்தோ மேலும் கீழும் கை கால் நீட்டுவது. மேலே புள்ளியும் இகரக் கொம்பும்; கீழே ஞகரத்தின் வளைவும் மூ, பூ போன்றவற்றின் சுழிப்பும். வரிகள் நெருங்கினால் கீழ்வரியின் புள்ளி மேல்வரியின் காலில் போய் ஒட்டிக்கொள்ளும். கடைசி வரிசையிலிருந்து பார்க்கும் பிள்ளைக்கு அது எழுத்தாகவே தெரியாது. 28 புள்ளி அளவுக்குக் கீழே இறங்குவதில்லை என்பது நாங்களே வகுத்துக்கொண்ட விதி. எட்டாவது வரியை அழித்தோம். எழுத்துகள் பழைய அளவுக்கு மீண்டன. ஸ்லைடு அழகாயிற்று. நல்லியக்கோடனை வகுப்பில் வாயால் சொல்லிக்கொள்ளலாம் என்று பேசிக்கொண்டோம். ரயில் மயிலத்தை நெருங்கிக்கொண்டிருந்தது.

வாயால் சொல்லவும் செய்தோம். அதில் ஐயமில்லை. ஆனால் சுவரில் ஏழு வரி ஒளிர்ந்துகொண்டிருக்கும்போது வாயிலிருந்து வரும் எட்டாவது வரியை யார் எழுதிக்கொள்வார்கள்? பிள்ளைகள் கைப்பேசியை உயர்த்திச் சுவரைப் படம் எடுத்துக்கொண்டார்கள். படத்தில் குரல் விழாது.

நத்தத்தனார் அந்த ஏழு பேரைச் சொன்னதே எட்டாமவனுக்காகத்தான். ஏறத்தாழ முப்பது அடிகளில் ஓடும் ஒரே தொடர் அது. பேகனும், பாரியும், காரியும், ஆயும், அதிகனும், நள்ளியும், ஓரியும் என்று ஒவ்வொருவராக அடுக்கி, இந்த எழுவரும் சேர்ந்து சுமந்த கொடை என்னும் நுகத்தை இவன் ஒருவனே சுமக்கிறான் என்று கொண்டுபோய் நல்லியக்கோடனிடம் நிறுத்துகிறார். நாங்கள் வெட்டியது பட்டியலின் வாலை அல்ல. அந்தப் பட்டியல் எதற்காகப் பிறந்ததோ அதை.

இதில் 'உம்' செய்யும் வேலையைக் கவனிக்க வேண்டும். எண்ணும்மை என்று இலக்கணத்தில் ஒரு வரியில் கடந்துபோகிறோம். பேகனும் என்றதும் கேட்பவன் காத்திருக்கத் தொடங்குகிறான்; இன்னொருவன் வரப்போகிறான், இவர்களை முடிக்க ஒரு வினை வரப்போகிறது என்று அவன் செவிக்குத் தெரியும். ஏழு உம்மைகளுக்கு அவனைக் காக்க வைத்து, எட்டாவதில் விடுவிக்கிறார் புலவர். கரும்புள்ளி இதற்கு நேர் எதிரானது. பேகன் ஒரு புள்ளி, முடிந்தது. பாரி ஒரு புள்ளி, முடிந்தது. யாரும் எதற்காகவும் காத்திருக்கவில்லை. காரியும் ஓரியும் ஒருவரோடொருவர் போரிட்டவர்கள் என்பதையும் புலவர் அந்த அடிகளுக்குள்ளேயே சொல்லிவிடுகிறார். பகைவர் இருவரையும் ஒரே நுகத்தில் பூட்டுவது அந்த உம்மைதான். எங்கள் ஸ்லைடில் அவர்கள் ரேஷன் கடை வரிசையில் நிற்பவர்களைப்போல ஒருவரையொருவர் அறியாமல் நின்றார்கள்.

ஸ்லைடில் அடிவரி காணாமல் போவது எங்களுக்கு மட்டும் நேர்ந்ததன்று. 2003 ஜனவரியில் கொலம்பியா விண்ணோடம் புறப்பட்டபோது எரிபொருள் கலத்தின் காப்பு நுரையில் ஒரு துண்டு பெயர்ந்து இடது இறக்கையில் மோதியது. விண்ணோடம் மேலே சுற்றிக்கொண்டிருக்கும்போதே பொறியாளர்கள் நாசா அதிகாரிகளுக்கு ஸ்லைடுகள் காட்டினார்கள். அவற்றுள் ஒன்றின் தலைப்பு நம்பிக்கை ஊட்டுவதாக இருந்தது. சோதனைகளில் பயன்படுத்திய துண்டு 3 கன அங்குலம், இப்போது பெயர்ந்ததாகக் கணக்கிட்டது 1920 கன அங்குலம் என்ற செய்தி, உள்ளே உள்ளே நகர்த்திய புள்ளிகளில் கடைசிப் புள்ளியாக, சிறிய எழுத்தில் இருந்தது. பிப்ரவரி 1ஆம் நாள் கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் மாண்டார்கள். எட்வர்ட் டஃப்டி அந்த ஸ்லைடை வரிவரியாக ஆராய்ந்து எழுதியதை விபத்து விசாரணைக் குழுவின் அறிக்கையும் எடுத்துக்கொண்டது. அந்தத் துயரத்தின் அருகில் எங்கள் சிறு பிழையை வைப்பது அடாது. பெட்டியின் அடியில் போய்ச் சேர்ந்தது கண்ணில் படாது என்பதற்காக மட்டுமே சொன்னோம்.

பவர்பாயிண்ட் 1987இல் ஃபோர்தாட் என்ற சிறு நிறுவனம் மேக்கிண்டாஷ் கணினிக்காக வெளியிட்டது. அதே ஆண்டில் மைக்ரோசாஃப்ட் 1.4 கோடி டாலர் கொடுத்து அந்த நிறுவனத்தை வாங்கிக்கொண்டது. வணிகக் கூட்டங்களில் காட்டும் ஒளித்தாள்களை ஆயத்தம் செய்யப் பிறந்த கருவி அது. ஆற்றுப்படைக்காக அதை யாரும் செய்யவில்லை என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும்.

தமிழ் அதற்குள் நுழைந்ததே பெரும்பாடு. நாங்கள் ஆய்வு மாணவர்களாக இருந்த காலத்தில் விழுப்புரத்தில் ஒரு கருத்தரங்கு. இரவெல்லாம் கண்விழித்துச் செய்த ஸ்லைடுகளைக் குறுந்தகட்டில் கொண்டுபோனோம். அங்கிருந்த கணினியில் நாங்கள் பயன்படுத்திய எழுத்துரு இல்லை. எட்டுத்தொகை நூல்களின் பெயர்கள் இருக்க வேண்டிய இடத்தில் ரோமன் எழுத்துகளும் நாணயக் குறிகளும் வரிசை கட்டி நின்றன. அன்றைய எழுத்துருக்களில் ரோமன் எழுத்தின் இருக்கையில் தமிழைக் குடியேற்றியிருந்தார்கள். எழுத்துரு போனால் பழைய குடிகள் திரும்பி வந்துவிடுவார்கள். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாடு விசைப்பலகைக்கும் குறியேற்றத்துக்கும் ஓர் ஒழுங்கு தந்தது. பின்னர் யூனிகோடு வேரூன்றியது. 2010இல் தமிழக அரசும் அதை ஏற்றது. இன்று எந்த ஊர்க் கணினியிலும் தமிழ் தமிழாகவே திறக்கிறது. அன்று ஸ்லைடு இல்லாமல் மனப்பாடமாகவே பேசினோம். ஒரு வரிகூட விட்டுப்போகவில்லை என்பதை இப்போது நினைத்துக்கொள்கிறோம்.

ஏட்டுச்சுவடியில் செய்யுளை அடி பிரித்து எழுதும் வழக்கம் இல்லை. உரைநடைபோல ஓலையின் நீளம் முழுவதும் ஓடும். மெய்யெழுத்துக்குப் புள்ளியும் பெரும்பாலும் இருக்காது. அதைச் சீர் பிரித்து, அடி பிரித்துத் தாளில் ஏற்றியவர்கள் பதிப்பாசிரியர்கள். உ.வே. சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பித்தார். குறிஞ்சிப்பாட்டில் மலர்களின் பெயர்கள் வரும் பகுதியில் சில அடிகள் சிதைந்திருக்க, அவற்றுக்காகச் சுவடி சுவடியாகத் தேடித் தருமபுர ஆதீனத்து ஏட்டில் கண்டெடுத்தார். சில பூக்களின் பெயர்களுக்காக ஒரு மனிதர் ஊர் ஊராக அலைந்தார். நாங்கள் எழுத்தளவுக்காக ஓர் அரசனை, அதுவும் உள்ளூர்க்காரனை, ஒரு விசையால் அழித்தோம்.

ஸ்லைடில் உரை இடுவதும் ஒருவகைப் பதிப்புதான் என்று அதன் பிறகே உறைத்தது. எங்கே வரி மடங்க வேண்டும் என்பதைப் பெட்டியின் அகலத்திடம் விட்டுவிட்டால், ஆசிரியப்பாவின் நாற்சீர் அடியில் நான்காம் சீர் தனியே கீழே விழுகிறது. பிள்ளைகள் அதை இரண்டு அடி என்றே எழுதிக்கொள்கிறார்கள். யாப்பு வகுப்பில் எத்தனையோ குழப்பங்களுக்கு இதுவே காரணம் என்று இப்போது படுகிறது. ஷிப்டு விசையை அழுத்திக்கொண்டு என்டரைத் தட்டினால் புதிய புள்ளி வராமல் அடி மட்டும் மடங்கும் என்பதை நாங்கள் அறிந்துகொண்டதே இந்த ஆண்டில்தான். சாய்வெழுத்தையும் கைவிட்டோம். தமிழ் அச்சுக்கு அப்படி ஒரு மரபு இல்லை. மென்பொருள் நிமிர்ந்த எழுத்தைப் பிடித்துத் தள்ளிச் சாய்க்கிறது, அவ்வளவுதான்.

இந்தப் பருவத்தில் அந்தப் பகுதியைப் புதிதாகச் செய்தோம். ஆட்டோஃபிட்டை நிறுத்தினோம், புள்ளிகளை எடுத்தோம். ஒரு ஸ்லைடுக்கு ஒரு வள்ளல். மயிலுக்குப் போர்வை தந்த பேகனும் என்று முதல் ஸ்லைடில் பெரிய எழுத்தில் ஒரே வரி. கீழே முழுவதும் வெறுமை. அடுத்ததில் முல்லைக்குத் தேர் தந்த பாரியும். மூன்றாவதாகக் காரியும் என்று வந்தபோது, பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "அப்புறம் ஐயா?" என்றது. எங்களுக்கு மெய் சிலிர்த்தது என்று எழுதினால் மிகை, மகிழ்ந்தோம். கூத்தர்க்கு நாடு தந்த ஓரியும் என்பதோடு ஏழாவதை நிறுத்திக் கொஞ்சம் காக்க வைத்தோம். எட்டாவதில் நல்லியக்கோடன் வந்தான். அவன் பெயருக்குக் கீழே கிடங்கல்.

"நம்ம கிடங்கலா?" என்றாள் ஒரு மாணவி. ஆமாம் என்றோம். வகுப்பு சற்று நேரம் இரைந்தது.

பாடவேளை முடிந்து கணினியை மூடிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவர் மேசையருகே வந்து நின்றார். "ஐயா, பரீட்சையில் ஏழு பேரோடு இவரையும் சேர்த்து எழுதினால் மார்க் உண்டா?"

உண்டு என்று சொல்லி அனுப்பினோம். மாலை ரயிலில் விடைக்குறிப்புக் கோப்பைத் திறந்து பார்த்தோம். நாங்கள் தயாரித்த குறிப்புதான். ஏழு புள்ளிகள் இருந்தன.